அலகு எழுதாத 50.6: ஓர் ஆய்வகப் பிழையின் நிகழ்வு ஆய்வு

முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி அன்று மூன்றாவது முறையாக என் மேசைக்கு வந்து நின்றாள். "மேடம், மறுபடியும் 16.9தான் வருகிறது." குறிப்பேட்டை நீட்டினாள். செலவான அமிலம் 16.9, 17.0, 16.9 மில்லிலிட்டர்; வர வேண்டியது 20. மூன்று அளவீடுகளும் இவ்வளவு நெருங்கி வருவது முதலாம் ஆண்டில் அரிது. அதை நான் பாராட்டியிருக்க வேண்டும். மாறாக, "பியூரெட்டில் தண்ணீர் தங்கியிருக்கும். அமிலத்தால் ஒருமுறை அலசிவிட்டுத் திரும்பச் செய், அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நான் சொன்னது தவறு என்பது அவள் திரும்பிப் போன பிறகுதான் உறைத்தது. அமிலத்தை அளந்து சொட்டவிடும் கண்ணாடிக் குழாயான பியூரெட்டில் தண்ணீர் தங்கியிருந்தால் அமிலம் நீர்த்துப்போகும். நீர்த்த அமிலம் கூடுதலாகச் செலவாகும். அளவீடு 20க்கு மேலே ஏறுமே தவிர 17க்கு இறங்காது. என் வாயிலிருந்து வந்தது பழக்கத்தில் வந்த பதில். அந்தப் பெண் என்னைவிடக் கவனமாக இருந்தாள்.

அந்த 16.9 எங்கிருந்து வந்தது என்று தேடிய நான்கு நாட்களின் பதிவுதான் இது. தென் மாவட்டக் கடலோரத்தில் இருக்கும் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் நடந்தது. நிறை, கன அளவு, அடர்த்தி இவை மூன்றையும் கொண்டு செறிவைக் கணக்கிடும் பாடத்தை எத்தனையோ வகுப்புகளுக்கு நடத்தியிருக்கிறேன். அடர்த்தியைக் கணக்கில் விட்டுவிட்டால் அந்தப் பிழை தன் கைரேகையைக் கரைசலிலேயே பதித்துவிட்டுப் போகும் என்பதை அந்த வாரத்தில்தான் கண்ணால் கண்டேன்.

எதிர்பார்த்த எண்ணும் கிடைத்த எண்ணும்

சோதனை எளியது. நீரற்ற சோடியம் கார்பனேட் 1.325 கிராம் எடுத்து, 250 மில்லிலிட்டர் திட்டக் குடுவையில் கரைத்துக் குறிவரை நிரப்பினால் 0.1 நார்மல் கரைசல் (நார்மல் என்பது ஒரு லிட்டரில் எத்தனை சமான எடை கரைபொருள் என்ற செறிவு அலகு). அதில் 20 மில்லிலிட்டரைப் பிப்பெட்டால் கூம்புக் குடுவைக்கு எடுத்து, நிறங்காட்டியான மெத்தில் ஆரஞ்சு இரண்டு சொட்டு விட்டு, பியூரெட்டிலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டச் சொட்ட இறக்க வேண்டும். மஞ்சள் நிறம் மாறும் இடத்தில் நிறுத்த வேண்டும். இதைத்தான் தரம் பார்த்தல் என்கிறோம். அமிலமும் 0.1 நார்மலாக இருந்தால் 20 மில்லிலிட்டருக்கு 20 மில்லிலிட்டர். அமிலத்தின் செறிவை மாணவர்களுக்குச் சொல்வதில்லை. அதைக் கண்டுபிடிப்பதுதான் அவர்கள் வேலை.

அந்த மாணவியின் அளவீட்டின்படி அமிலத்தின் செறிவு 20 × 0.1 ÷ 16.95, அதாவது 0.118. எதிர்பார்த்ததைவிட 18 சதவீதம் கூடுதல். ஒரு சொட்டின் பிழை 0.05 மில்லிலிட்டர். மூன்று மில்லிலிட்டரைக் கைத்தவறு என்று ஒதுக்கிவிட முடியாது.

மற்ற மாணவர்களின் குறிப்பேடுகளை வாங்கிப் பார்த்தேன். அங்கேதான் எனக்கு உண்மையான வலி காத்திருந்தது. சிலருக்கு 17ஐ ஒட்டிய அளவீடுகள் இருந்தன. பாதிக்கு மேற்பட்டவர்களிடம் 19.8, 19.9, 20.0 என்று இருந்தது. ஒரே பெரிய ஜாடியிலிருந்து ஊற்றிக்கொண்டுபோன ஒரே அமிலம்! குறிப்பேடுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் 6 இருந்த இடத்தில் 9 ஆகத் திருத்தியது தெரிந்தது. முந்தைய ஆண்டு மாணவர்களின் பதிவேடுகளில் 20ஐ ஒட்டிய எண் இருந்ததால், தங்கள் கண் பார்த்ததை அழித்துவிட்டு மூத்தவர்கள் எழுதியதை எழுதியிருக்கிறார்கள். அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. சரியான அளவீட்டோடு வந்தவளை மூன்று முறை திருப்பி அனுப்பிய ஆசிரியை நான்தான். அதை வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. உண்மையை எழுதினால் திரும்பச் செய்ய வேண்டும், 20 என்று எழுதினால் வீட்டுக்குப் போகலாம் என்ற பாடத்தை அன்று நான் நடத்தியிருக்கிறேன்.

முதல் சந்தேகம்: சோடியம் கார்பனேட்

அமிலம் கடுமையாக இருப்பதுபோலத் தோன்ற இரண்டு வழிகள் உண்டு. அமிலமே கடுமையாக இருக்கலாம். அல்லது எதிரில் இருக்கும் சோடியம் கார்பனேட் நாம் நினைத்ததைவிட நலிந்ததாக இருக்கலாம். பியூரெட் இவ்விரண்டையும் பிரித்துச் சொல்லாது.

எங்கள் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். மூடி சரியாக இறுகாத புட்டியில் சோடியம் கார்பனேட் நீரை ஏற்றுக்கொண்டு ஒற்றை நீரேறியாக, அதாவது ஒவ்வொரு அலகோடும் ஒரு நீர் மூலக்கூறு சேர்ந்த வடிவமாக, மாறும். நீரற்றதன் மோலார் நிறை 105.99, ஒற்றை நீரேறியின் மோலார் நிறை 124.0. புட்டியில் இருந்தது முழுக்க ஒற்றை நீரேறியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டால், 1.325 கிராம் எடுத்தும் நமக்குக் கிடைப்பது 0.1 நார்மல் இல்லை, 0.0855 நார்மல்தான். அதற்கு 0.1 நார்மல் அமிலம் 17.1 மில்லிலிட்டர் போதும்.

17.1! மாணவியின் 16.9க்கும் இதற்கும் இடையில் 0.2 மில்லிலிட்டர்தான். அன்று மாலை இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது புதிர் அவிழ்ந்துவிட்டது என்றே நம்பினேன். உடன் பணிபுரியும் ஆசிரியரிடம் சொல்லவும் செய்தேன். காரணம் பொருந்துகிறது, எண்ணும் ஏறக்குறையப் பொருந்துகிறது, புட்டியின் மூடியும் தளர்வாக இருக்கிறது. இதற்குமேல் என்ன வேண்டும்?

ஒரு சோதனை வேண்டும். மறுநாள் காலை அதே புட்டியிலிருந்து 2.000 கிராமை எடுத்துப் பீங்கான் கிண்ணத்தில் பரப்பி, 250 பாகையில் உலர்த்தும் அடுப்பில் ஒரு மணி நேரம் வைத்து, உலர்கலனில் ஆறவிட்டு எடை போட்டோம். ஒற்றை நீரேறியாக இருந்திருந்தால் அதன் எடையில் 14.5 சதவீதம் நீர், 0.29 கிராம் குறைந்திருக்க வேண்டும். குறைந்தது 0.012 கிராம். சற்று ஈரம் இருந்தது, அவ்வளவுதான். உலர்த்திய அந்தப் பொருளைக் கொண்டே புதிதாகக் கரைசல் செய்து நானே தரம் பார்த்தேன். 17.0.

சோடியம் கார்பனேட் குற்றமற்றது என்று ஆயிற்று. நான் எடை போடாமல் விட்டிருந்தால் அதன்மேல் பழியைப் போட்டுக் கோப்பை மூடியிருப்பேன். புதுப் புட்டி வாங்கியிருப்போம். அடுத்த வகுப்பிலும் 17தான் வந்திருக்கும்.

இரண்டாவது தடயம் என் கையெழுத்திலேயே

அமிலம்தான் கடுமையாக இருக்கிறது என்றால், எப்படி? அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் புகையும். புட்டியைத் திறந்து திறந்து மூடினால் ஹைட்ரஜன் குளோரைடு வெளியேறிச் செறிவு குறையும். பழைய புட்டியால் கரைசல் நலியலாம். கூடுதல் கடுமை வர வழியில்லை.

அப்போதுதான் கரைசல் பதிவேட்டைப் புரட்டினேன். ஹைட்ரோகுளோரிக் அமிலம் தயாரித்த அதே நாளில் வேறு இரண்டு கரைசல்களும் செய்யப்பட்டிருந்தன. ஐந்து லிட்டர் நீர்த்த கந்தக அமிலம், 1 மோலார் (மோலார் என்பது ஒரு லிட்டரில் எத்தனை மோல் என்ற அளவு; ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு நார்மலும் மோலாரும் ஒரே எண்). இரண்டு லிட்டர் நீர்த்த அம்மோனியா, 2 மோலார். அம்மோனியாவுக்கு எதிரே என் கையெழுத்தில் ஒரு குறிப்பு: "சரிபார்த்ததில் 1.8. ஆவியாகியிருக்கலாம்."

முந்தைய வாரம் வேறொரு தேவைக்காக அம்மோனியாவைச் சரிபார்த்து நானே எழுதியது. அம்மோனியா ஆவியாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே 2க்குப் பதில் 1.8 வந்தபோது கேள்வி கேட்கத் தோன்றவில்லை. தயாராக ஒரு விளக்கம் கையில் இருந்தால் எண் தன் கதையைச் சொல்ல நாம் விடுவதில்லை.

இப்போது இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே நாள், ஒரே கை. ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1.18 மடங்கு. அம்மோனியா 0.9 மடங்கு. ஒன்று ஏறியிருக்கிறது, மற்றொன்று இறங்கியிருக்கிறது. அளவு ஜாடியைத் தவறாகப் படித்திருந்தாலோ குடுவையைக் குறிக்கு மேலே நிரப்பியிருந்தாலோ இரண்டும் ஒரே திசையில் அல்லவா போயிருக்கும்?

அலமாரியைத் திறந்து புட்டிகளை எடுத்தேன். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் சீட்டில்: 36 சதவீதம், ஒப்படர்த்தி (நீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது) 1.18. அடர் அம்மோனியாவின் சீட்டில்: 25 சதவீதம், ஒப்படர்த்தி 0.91.

அந்த இரண்டு எண்களைப் பார்த்தபடி சிறிது நேரம் அப்படியே நின்றேன். கரைசல்களின் பிழை விகிதம் புட்டியின் மேலேயே அச்சாகி இருந்தது.

கணக்கு எங்கே வழுக்கியது

கரைசலைத் தயாரித்தவர் பணியில் சேர்ந்து சில மாதங்களே ஆன ஆய்வக உதவியாளர். நல்ல பையன், கை சுத்தம், பதிவேட்டில் ஒவ்வொரு வரியையும் எழுதிவைக்கும் பழக்கம் உள்ளவர். அந்தப் பழக்கம்தான் எங்களைக் காப்பாற்றியது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு அவர் எழுதியிருந்தது இது:

36.46 × 0.1 × 5 = 18.23
18.23 × 100 ÷ 36 = 50.6
50.6 எடுத்து 5 லிட்டருக்கு நிரப்பியது.

இதில் பெருக்கல் வகுத்தல் எதிலும் தவறில்லை. ஐந்து லிட்டர் 0.1 மோலார் கரைசலுக்கு 0.5 மோல் வேண்டும், அதாவது 18.23 கிராம் ஹைட்ரஜன் குளோரைடு. புட்டியில் இருப்பது 36 சதவீதம் என்றால், 100 கிராம் அமிலத்தில் 36 கிராம் ஹைட்ரஜன் குளோரைடு. 18.23 கிராம் கிடைக்க 50.6 கிராம் அமிலம் எடுக்க வேண்டும். சரி.

அந்த 50.6க்குப் பக்கத்தில் அலகு இல்லை. கிராம் என்று எழுதியிருந்தால் தராசிடம் போயிருப்பார். எழுதாததால் அளவு ஜாடியிடம் போய் 50.6 மில்லிலிட்டர் எடுத்துவிட்டார். அமிலம் நீரைவிடக் கனமானது. ஒரு மில்லிலிட்டரின் எடை 1.18 கிராம். ஆகவே அவர் ஜாடியில் ஏறியது 50.6 × 1.18, சுமார் 59.7 கிராம் அமிலம். அதில் ஹைட்ரஜன் குளோரைடு 21.5 கிராம், அதாவது 0.59 மோல். ஐந்து லிட்டருக்கு நிரப்பினால் 0.118 மோலார். மாணவியின் பியூரெட் சொன்ன அதே எண்.

செய்ய வேண்டியிருந்தது இன்னும் ஒரே ஒரு வகுத்தல். 50.6 கிராமை ஒரு மில்லிலிட்டருக்கு 1.18 கிராம் என்பதால் வகுத்தால் 42.9 மில்லிலிட்டர். இது சரியான அளவு. அல்லது அந்தப் படியே தேவையில்லாமல், 50.6 கிராமைத் தராசில் நிறுத்தே எடுத்திருக்கலாம். அடர்த்தியின் உதவி வேண்டியதில்லை. புகையும் அமிலத்தைத் தராசில் வைத்தால் தராசு கெட்டுவிடும் என்பதால்தான் ஆய்வகங்கள் கன அளவை நாடுகின்றன. நிறையிலிருந்து கன அளவுக்குத் தாவும் அந்த இடத்தில் அடர்த்தி இல்லாமல் கடக்கவே முடியாது.

இதையே மறுபக்கத்திலிருந்தும் பார்க்கலாம். புட்டியில் இருக்கும் அமிலத்தின் மோலாரிட்டி என்ன? மாணவர்களுக்கு நான் சூத்திரம் கொடுப்பதில்லை. ஒரு லிட்டர் அமிலத்தைக் கண்முன்னே நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். அதன் எடை 1180 கிராம். அதில் 36 சதவீதம் 424.8 கிராம். அதை 36.46ஆல் வகுத்தால் 11.65 மோல். ஆகவே 11.65 மோலார். அடர்த்தியை மறந்தவர் ஒரு லிட்டரை 1000 கிராம் என்று வைத்துக்கொண்டு 9.87 மோலார் என்பார். அமிலத்தின் வலிமையைக் குறைவாக மதிப்பிட்டுக் கூடுதலாக ஊற்றுவார். அம்மோனியாவில் இதுவே தலைகீழ். ஒரு லிட்டரின் எடை 910 கிராம்தான்; அதில் அம்மோனியா 227.5 கிராம், 17.03ஆல் வகுத்தால் 13.36 மோலார். மறந்தவர் 14.68 என்பார்; வலிமையை அதிகமாக மதிப்பிட்டுக் குறைவாக ஊற்றுவார். நீரைவிடக் கனமான திரவம் கடுமையாகவும், நீரைவிட இலேசான திரவம் நலிந்தும் வந்ததன் காரணம் இதுதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு லிட்டர் அமிலத்தில் மீதி 755.2 கிராம் நீர். 11.65 மோலை 0.7552 கிலோகிராம் நீருக்குப் பங்கிட்டால் மோலாலிட்டி, அதாவது ஒரு கிலோகிராம் நீருக்கு எத்தனை மோல் என்ற அளவு, 15.4. ஒரே புட்டிக்கு மோலாரிட்டி 11.65, மோலாலிட்டி 15.4! நீர்த்த கரைசல்களில் ஒன்றுபோலவே தெரியும் இந்த இரண்டும் அடர்ந்த கரைசலில் இவ்வளவு தூரம் விலகி நிற்பதைப் பார்த்த பிறகு மாணவர்கள் அவற்றைக் குழப்பிக்கொள்வதில்லை.

முன்கூட்டியே சொன்ன எண்

காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் சோடியம் கார்பனேட் விஷயத்திலும் காரணம் கிடைத்துவிட்டதாகத்தான் நம்பியிருந்தேன். இந்த முறை ஏமாறக் கூடாது. அதே நாளில் செய்த மூன்றாவது கரைசல், கந்தக அமிலம், இன்னும் யாராலும் சரிபார்க்கப்படாமல் இருந்தது. என் ஊகம் சரியென்றால் அதன் செறிவு என்னவாக இருக்க வேண்டும் என்று முதலிலேயே எழுதிவைத்துவிட்டுப் பிறகு சோதிப்போம் என்று முடிவு செய்தேன்.

புட்டியின் சீட்டு: 98 சதவீதம், ஒப்படர்த்தி 1.84. பதிவேட்டில் உதவியாளர் 500 என்று எழுதியிருந்தார். சரியான அளவு 272 மில்லிலிட்டர். ஊகம் சரியென்றால் 1 மோலாருக்குப் பதில் 1.84 மோலார் இருக்க வேண்டும்.

இதில் 10 மில்லிலிட்டரை எடுத்து 250க்கு நீர்த்து, அதில் 20 மில்லிலிட்டரை, ஆக்சாலிக் அமிலத்தைக் கொண்டு புதிதாகத் தரம் பார்த்த 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடால் முறித்தால் 29.4 மில்லிலிட்டர் செலவாக வேண்டும் (கந்தக அமிலத்தின் ஒரு மோலை முறிக்க இரண்டு மோல் சோடியம் ஹைட்ராக்சைடு வேண்டும்). கரைசல் உண்மையிலேயே 1 மோலாராக இருந்தால் 16 போதும். 29.4 என்று தாளில் எழுதி மடித்து, 16.9 கொண்டுவந்த அந்த மாணவியின் கையில் கொடுத்தேன். அவளையே தரம் பார்க்கச் சொன்னேன். தாளைப் பிரிக்காமல் செய்தாள். 29.3 வந்தது.

இந்த எண்ணைப் பார்த்து மகிழ்ந்ததைவிட நான் அஞ்சியதுதான் அதிகம். மூன்று கரைசல்களிலும் மிகப் பெரிய பிழை இதுதான், 84 சதவீதம். ஆனால் இதைத்தான் எவரும் கவனிக்கவில்லை. இரண்டாம் ஆண்டு மாணவர்கள் இந்த அமிலத்தைப் பெர்மாங்கனேட் தரம் பார்த்தலில் கூம்புக் குடுவையில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கே அமிலம் ஊடகம் மட்டுமே. தேவைக்கு மேல் இருந்தால் போதும், எவ்வளவு மேல் என்பது முடிவைப் பாதிக்காது. ஆகவே அவர்களின் விடைகள் எல்லாம் சரியாகவே வந்தன. விடை சரியாக வந்தது என்பதால் கரைசல் சரியாக இருந்தது என்று ஆகாது. 1 மோலார் என்று சீட்டு ஒட்டிய புட்டியில் 1.84 மோலார் கந்தக அமிலத்தைப் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் கையில் கொடுத்திருந்தோம்.

உதவியாளரைக் கூப்பிட்டு, கடிந்துகொள்ளும் தொனி வந்துவிடாமல், அன்று கந்தக அமிலம் கலந்தபோது ஏதேனும் வேறுபாடாகத் தெரிந்ததா என்று கேட்டேன். "ரொம்பச் சூடாகிவிட்டது மேடம். தொட முடியவில்லை. மறுநாள் காலைதான் குறிவரை நிரப்பினேன்" என்றார். அமிலத்தைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும் என்ற விதியை அவர் சரியாகக் கடைப்பிடித்திருந்தார். அதனால்தான் விபத்து ஏதும் நடக்கவில்லை. ஆனால் வேண்டியதைவிட ஏறக்குறைய இரு மடங்கு அமிலம் சென்றதால் வெப்பமும் ஏறக்குறைய இரு மடங்கு கிளம்பியிருக்கிறது. கரைசல் தன் கணக்கு தவறென்று அன்றே சூட்டின் மூலம் சொல்லியிருக்கிறது.

அவர் ஏன் அப்படி நினைத்தார்

இங்கே வந்து நிறுத்திவிட்டு, கவனக்குறைவு என்று எழுதி முடித்திருக்கலாம். அது நியாயமாக இருக்காது. அலகை எழுதாமல் விட்டது சறுக்கல்தான். ஆனால் எழுதியிருந்தால் கிராம் என்று எழுதியிருப்பாரா, மில்லிலிட்டர் என்று எழுதியிருப்பாரா? கேட்டேன். யோசித்துவிட்டு, "மில்லிலிட்டர் என்றுதான் எழுதியிருப்பேன்" என்றார். நேர்மையான பதில்.

அவர் முன்பு மருந்தாக்கவியல் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்தவர். அங்கே சதவீதம் என்றால் பெரும்பாலும் நிறை-கன அளவுச் சதவீதம். 0.9 சதவீத உப்புக் கரைசல் என்றால் 100 மில்லிலிட்டரில் 0.9 கிராம் சோடியம் குளோரைடு. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்றால் 100 மில்லிலிட்டரில் 5 கிராம். மருத்துவமனையில் தொங்கும் சொட்டு மருந்துப் பைகளின் மொழி அது. அந்த மொழியில் பழகியவருக்கு 36 சதவீதம் என்றால் 100 மில்லிலிட்டரில் 36 கிராம். அமிலப் புட்டிகள் பேசுவது நிறைச் சதவீத மொழி, 100 கிராமுக்கு இத்தனை கிராம். இரண்டும் ஒரே குறியீட்டைப் பயன்படுத்துகின்றன. இந்தக் குழப்பத்துக்கு அவரை மட்டும் பொறுப்பாக்க எனக்கு மனம் வரவில்லை.

மருந்துக் கரைசல்களில் இந்தக் குழப்பம் யாரையும் பெரிதாகத் தொந்தரவு செய்யாததற்கும் காரணம் உண்டு. 0.9 சதவீத உப்புக் கரைசலின் அடர்த்தி ஒன்றுக்கு மிக அருகில் இருக்கிறது. 100 கிராமும் 100 மில்லிலிட்டரும் அங்கே ஏறக்குறைய ஒன்றுதான். எந்த வழியில் கணக்கிட்டாலும் விடை ஒரு சதவீதம்கூட மாறாது. நீர்த்த கரைசல்கள் இந்தப் பிழையை மன்னித்துக்கொண்டே இருக்கும். அடர் கந்தக அமிலத்தின் முன் வந்து நிற்கும் நாளில் அது மன்னிக்காது.

வேறொரு காரணமும் இருந்தது. அதற்கு நாங்களே பொறுப்பு. ஓய்வுபெற்றுப் போன மூத்த உதவியாளர், நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்று அழைத்தவர், ஆய்வகச் சுவரில் தன் கையால் ஓர் அட்டவணை எழுதி ஒட்டியிருந்தார். எந்த அமிலம், லிட்டருக்கு எத்தனை மில்லிலிட்டர் என்று. பல ஆண்டுகள் அதைப் பார்த்தே கரைசல்கள் தயாராயின. சுவருக்கு வெள்ளையடித்தபோது அது போய்விட்டது. மீண்டும் எழுத எவரும் நினைக்கவில்லை. புதிதாக வந்தவர் தன் அறிவைக் கொண்டு கணக்கிட வேண்டியிருந்தது. அவரிடம் எவரும் சதவீதத்தின் பொருளை விளக்கவில்லை. நானும் விளக்கவில்லை.

அடர்த்தியை ஏன் அச்சிடுகிறார்கள்

இந்த நாட்களில் மாணவர்கள் என்னிடம் கேட்ட ஒரு கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. சதவீதம் தெரிந்தால் அடர்த்தியை நாமே கணக்கிட்டுக்கொள்ளக் கூடாதா? இவ்வளவு கரைபொருள், இவ்வளவு நீர், இரண்டின் கன அளவையும் கூட்டினால் போதாதா?

போதாது. கன அளவுகள் கூட்டலுக்குக் கட்டுப்படுவதில்லை. 50 மில்லிலிட்டர் எத்தனாலையும் 50 மில்லிலிட்டர் நீரையும் கலந்து காட்டினேன். 100 வரவில்லை, 97ஐ ஒட்டி நின்றது. எடையோ துளியும் குறையவில்லை. தனிம வரிசை அட்டவணையால் அறியப்படும் மெண்டெலீவ் 1865இல் முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்தது ஆல்கஹாலும் நீரும் சேரும் விதத்தைத்தான். நிறை கூடும், கன அளவு தன் விருப்பப்படி சுருங்கும். ஆகவே அடர்த்தியை அளந்தே அறிய வேண்டும். அதனால்தான் அதைச் சீட்டில் அச்சிடுகிறார்கள். கரைசல் தயாரிக்கும்போது இத்தனை மில்லிலிட்டர் நீர் சேர் என்று சொல்லாமல் குறிவரை நிரப்பு என்று சொல்வதும் இதனால்தான்.

எங்கள் பகுதி மாணவர்களுக்கு இது புத்தகத்துக்கு வெளியேயும் தெரிந்த விஷயம். உப்பளங்களில் பாத்தியில் நிற்கும் நீரின் செறிவைச் சதவீதத்தில் எவரும் கேட்பதில்லை. டிகிரி என்ன என்றுதான் கேட்பார்கள். ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்க்கும் பாமே டிகிரி அது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வேதியியலாளர் அந்துவான் பாமேயின் பெயர் தூத்துக்குடி உப்பளத்தில் வெறும் டிகிரியாக வாழ்கிறது. 25 டிகிரியை நெருங்கும்போது உப்பு படியத் தொடங்கும். அந்த 25 டிகிரியை ஒப்படர்த்தியாக மாற்றினால் சுமார் 1.21. அடர்த்தியைக் கொண்டே செறிவை அறிந்து, அதை நம்பிப் பிழைப்பு நடத்துகிறார்கள். என் வகுப்பில் உப்பளக் குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அடர்த்தி வீட்டில் ஒன்று, வகுப்பில் வேறொன்று என்று அவர்கள் மனத்தில் பிரிந்து கிடந்ததற்கு என் கற்பித்தலும் ஒரு காரணம் என்றே எண்ணுகிறேன்.

சரிசெய்தது

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மூன்றரை லிட்டர் மீதி இருந்தது. தரம் பார்த்துக் கண்ட 0.1176 மோலாரை 0.1 ஆக்க, மொத்தக் கன அளவு 4.116 லிட்டராக வேண்டும். தண்ணீர் சேர்த்து அந்த அளவுக்கு நிரப்பி, மறுபடி தரம் பார்த்தோம். கந்தக அமிலத்தைச் சீட்டு மாற்றி, உண்மையான செறிவை எழுதி, தனி அலமாரியில் பூட்டினோம். அம்மோனியாவில் 1.6 லிட்டர் இருந்தது. புட்டியிலிருந்து 28 மில்லிலிட்டர் சேர்த்ததும் 2 மோலாருக்கு வந்தது.

சீட்டில் இருக்கும் எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டியதில்லை என்று காட்ட, புகை வெளியேற்றும் கூண்டுக்குள் ரப்பர் குமிழ் கொண்டு பிப்பெட்டால் 10 மில்லிலிட்டர் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எடுத்து, முன்பே எடை போட்ட மூடியுள்ள குப்பியில் விட்டு நிறுத்தோம். 11.75 கிராம். அடர்த்தி 1.175. அறை வெப்பநிலை 30 பாகையைத் தாண்டியிருந்ததால் சீட்டில் இருந்ததைவிடச் சற்றுக் குறைவு. நாங்கள் கண்ட 0.1176க்கு 1.18ஐவிட 1.175 இன்னும் அருகில் இருக்கிறது என்பதை உதவியாளர்தான் முதலில் கவனித்துச் சொன்னார்.

மாணவர்களின் மதிப்பெண்ணை 0.118ஐ வைத்துத் திருத்தினேன். எண்ணை மாற்றி எழுதியவர்களைத் தனித்தனியே அழைத்தேன். தண்டிக்கவில்லை. அன்றைய என் தவற்றைச் சொல்லி, சோதனையை மறுபடி செய்யச் சொன்னேன். 16.9 மாணவியிடம் வகுப்பின் முன் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை மேடம்" என்று சொல்லிவிட்டு, கந்தக அமிலத்துக்கு 29.4 என்று எழுதியிருந்தீர்களே, எனக்கு 29.3தானே வந்தது, அந்த 0.1 எங்கே போனது என்று கேட்டாள். இரண்டு சொட்டு அது. 500.4 என்று கணக்கு வந்த இடத்தில் உதவியாளர் 500 எடுத்திருந்ததையும், எங்கள் அறையின் சூட்டையும், அளவு ஜாடியின் பிழை எல்லையையும் பேசி முடிக்க மணி அடித்துவிட்டது.

அடுத்த மாதம் நைட்ரிக் அமிலம் தயாரிக்க வேண்டி வந்தது. ஒரு லிட்டர், 1 மோலார். நான் போய் நிற்கவில்லை. மாலையில் பதிவேட்டைப் பார்த்தேன்.

புட்டியின் சீட்டு: 70 சதவீதம் (நிறை), அடர்த்தி 1.42 கிராம்/மி.லி.
வேண்டிய நைட்ரிக் அமிலம்: 63.01 கிராம்
63.01 கிராம் × 100 ÷ 70 = 90.0 கிராம் புட்டி அமிலம்
90.0 கிராம் ÷ 1.42 கிராம்/மி.லி. = 63.4 மி.லி.
கலக்கும்போது சூடு: மிதமானது.